பேர் போடும் புத்தகம்: மலையகத்தில் ஆறு நாட்கள்

முதலாம் நாள்: கொழும்பு கோட்டை முதல் ஹட்டன் வரை

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற என் தாய்மாமா, போன மாதம் ஒரு நாள் இரவு தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "ஜூன் பத்தாந் தேதிப் பக்கம் இன்னும் வெறுமையாத்தான் கெடக்கு. எனக்குக் கண்ணு ஒப்பரேசன் செஞ்ச நேரம், பார்க்க முடியல. நீதான் நேர்ல இருந்தே. வந்து பேர் போட்டுட்டுப் போ" என்றார். அதற்காகவே இன்று காலை கோட்டையில் உடரட்ட மெனிக்கே ரயிலில் ஏறினேன்.

பேர் போடுவது என்றால் என்னவென்று மலையகத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு தொழிலாளியின் அன்றாட வேலையும் செக்ரோல் என்னும் பெரிய பதிவேட்டில் பதியப்படும். குறித்த அளவு கொழுந்து பறித்திருந்தால் முழுப் பேர், குறைந்திருந்தால் அரைப் பேர், வேலைக்கு வராதவருக்கு ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் கைக்கு வரும் சம்பளம் அந்தப் பேர்களின் கூட்டல்தான். தோட்டக் காரியாலயத்தில் கழித்துப் போட்ட பழைய செக்ரோல் ஒன்றை மாமா 1995இல் வீட்டுக்குக் கொண்டுவந்து, மிச்சமிருந்த வெற்றுப் பக்கங்களில் இலங்கைத் தேசிய உதைபந்தாட்ட அணிக்குப் பேர் போடத் தொடங்கினார். ஓர் ஆட்டத்துக்கு ஒரு பக்கம். வெறுமையாகக் கிடந்த பக்கம், 2025 ஜூன் 10ஆம் திகதி கொழும்பில் சீன தாய்ப்பேயோடு (தாய்வானோடு) நாம் ஆடிய ஆட்டத்துக்குரியது. இடப்பக்கம் வீரர்களின் பெயர்கள், எதிரே முழுப் பேரோ அரைப் பேரோ. கோல் கணக்கு பக்கத்தின் அடியில், ஒரு மூலையில், சிறிய எழுத்தில் இருக்கும்.

அவர் தொடங்கிய ஆண்டு நல்ல ஆண்டு. தெற்காசியத் தங்கக் கிண்ணப் போட்டி கொழும்பில் நடந்தது. இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்தில் விழுந்த ஒரே கோலால் இலங்கை 1–0 என்று இந்தியாவை வென்றது. எனக்கு அப்போது ஒன்பது வயது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கோடிக் காம்பராவில் இருந்த வானொலியைச் சுற்றி நாங்கள் குதித்த குதிப்பில், மேல் தட்டிலிருந்து மாவு டின் உருண்டு விழுந்து தரையெல்லாம் வெள்ளையானது இன்றும் கண்ணில் நிற்கிறது. அந்தக் கிண்ணம் அதன் பிறகு ஒரு தடவைகூட எங்களிடம் திரும்பி வரவில்லை. 2006இல் ஆசிய சவால் கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை போய்த் தஜிகிஸ்தானிடம் 0–4 என்று தோற்றோம். அந்த ஒன்றைத் தவிர்த்தால், மாமாவின் புத்தகம் பெரும்பாலும் தோல்விகளின் பதிவேடாகவே முப்பது ஆண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது.

ரம்புக்கனைக்குப் பின் ரயில் ஏற்றம் பிடித்தது. கம்பளை நிலையத்தில் நின்றபோது, கிறிஸ்டல் பேலஸ் என்ற பெயர் கொண்ட அவ்வூர்க் கழகம் நாட்டின் முதல்தரச் சுற்றுப்போட்டியில் ஆடிய காலத்தை நினைத்துக்கொண்டேன். கொழும்புக்கு வெளியே, மலைச் சரிவில் இருக்கும் ஒரு சிற்றூர் அந்தத் தரத்துக்கு அணி கட்டியது சாதாரண காரியமல்ல; அதைக் கம்பளைக்காரர்கள் பெருமையோடு சொல்லும்போது எனக்கும் பெருமையாகவே இருக்கும். வட்டவளையில் எதிர்பார்த்தபடி மழை. ஹட்டனில் இறங்கும்போது சட்டை நனைந்துவிட்டது.

இரண்டாம் நாள்: பொகவந்தலாவை

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. காசல்ரீ நீர்த்தேக்கம் நிரம்பி, நீர் பாதையருகே வரை ஏறி நின்றது. நோர்வூட் மைதானத்தைக் கடக்கும்போது எழுந்து நின்று பார்த்தேன். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி மலையக மக்கள் முன் உரையாற்றியது இங்கேதான். அன்று நானும் அந்தச் சனத்துக்குள் நின்றேன். அதே 2017ஆம் ஆண்டு முழுவதும் நமது தேசிய அணி ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடவில்லை என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. மாமா எண்ணியிருந்தார்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் மாமி ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்துச் சுடச்சுடத் தேத்தண்ணி ஊற்றினார். மாமா கறுப்புக் கண்ணாடியோடு விறாந்தையில் இருந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு அலுமாரியைக் காட்டினார்.

அந்தப் புத்தகத்தைப் பல ஆண்டுகளுக்குப் பின் கையில் எடுத்தேன். கெட்டி அட்டையின் மூலைகள் தேய்ந்து பஞ்சாகியிருக்கின்றன. முதுகில் சாக்குத் துணி ஒட்டி, நூலால் தைத்திருக்கிறார். உள்ளே மழைக்கால ஈரத்தில் தாள்கள் அலையலையாக நெளிந்து, ஊதா மை சில இடங்களில் பூத்துப்போய்க் கிடக்கிறது. அச்சடித்த நாள் கட்டங்களின் மேலே, கணக்கப்பிள்ளைகளுக்கே உரிய அந்தச் சாய்ந்த கையெழுத்தில் வீரர்களின் பெயர்கள். தொலைக்காட்சியில் வராத வெளிநாட்டு ஆட்டங்களுக்குப் பத்திரிகையை நம்பியும், கொழும்பிலிருந்து என்னைப் போன்றவர்கள் சொன்னதை நம்பியும் எழுதியிருக்கிறார். அப்படி எழுதிய பக்கங்களின் தலையில் "கேள்வி" என்று குறித்திருக்கிறார். கண்ணால் காணாத வேலைக்குப் பேர் போடுவதில் அவருக்கு எப்போதும் மனச்சங்கடம் இருந்தது.

2019 அக்டோபர் 10ஆம் திகதிப் பக்கத்தை முதலில் புரட்டினேன். உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம், தென் கொரியாவின் ஹ்வாசொங் நகரில். கிம் ஷின்-வூக் 4 கோல்கள், சொன் ஹூங்-மின் 2, எல்லாம் சேர்த்து 0–8. அன்று மாலை என் தொலைபேசித் திரையில் நாங்கள் இருவரும் பார்த்த ஆட்டம் அது; ஆறாவது கோலோடு நான் எழுந்து வெளியே போய்விட்டேன், மாமா கடைசி விசில் வரை இருந்தார். இன்று அந்தப் பக்கத்தை முழுவதுமாக வாசித்தபோது, கோல்கீப்பருக்கு முழுப் பேர் போட்டிருப்பதைக் கண்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"எட்டு உள்ள போச்சுதான். போகாம நின்னது எத்தனைன்னு நீ எண்ணினியா? நான் எண்ணினேன். கொழுந்தே இல்லாத மலையில நிறுத்திட்டு கிலோ கொறஞ்சுபோச்சுன்னு அரைப் பேர் போடுற கணக்கப்பிள்ளை நான் இல்ல" என்றார்.

தோட்டத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள், காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்ற மனிதரின் நீதி அது. உலகக் கிண்ண அரையிறுதி வரை ஆடிய ஒரு நாட்டின் முன்னால், ஒழுங்காக நடக்கும் சுற்றுப்போட்டிகூட இல்லாத நாட்டின் பிள்ளைகளை நிறுத்தினால், விழுந்த கோல்களின் எண்ணிக்கை அவர்கள் உழைத்த உழைப்பைக் காட்டாது. நான் பல ஆண்டுகள் அந்த எட்டை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். அலுவலகத்தில் கிரிக்கெட் பேசுபவர்கள் சிரித்தபோது தலைகுனிந்து இருந்திருக்கிறேன். இன்று அந்தப் பக்கத்தின் முன்னால் அந்தத் தலைகுனிவுக்காகத்தான் வருந்தினேன்.

கொரியாவோடு ஆடக் கிடைத்ததே அந்த ஆண்டு எப்படி என்பதையும் மாமா முந்திய பக்கமொன்றில் எழுதி வைத்திருக்கிறார். முதற் சுற்றில் மக்காவு அணியிடம் வெளியூரில் 0–1 என்று தோற்றோம். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் பாதுகாப்பைக் காரணம் காட்டி மக்காவு உதைபந்தாட்டச் சங்கம் தன் அணியை இங்கே அனுப்பவில்லை. பீஃபா இரண்டாவது ஆட்டத்தை 3–0 என்று எங்களுக்கு வழங்கியது. அந்தப் பக்கத்தில் வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன, பேர்கள் இல்லை. "வேலை நடக்கவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

பின்னால் போய் 2015 மார்ச்சைப் பார்த்தேன். அந்த இரண்டு பக்கங்களைப் பற்றி நாளை மறுநாளுக்குப் பின், அந்த ஆட்டத்தில் என் பக்கத்தில் இருந்த நண்பனின் ஊருக்குப் போய் எழுதுவதே பொருத்தம். ஆனால் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பூட்டானுக்கு எதிரான அந்தப் பக்கங்களில் ஒருவருக்கும் முழுப் பேர் கிடையாது.

2021 ஜூன் 5, லெபனானுக்கு எதிரான ஆட்டம்: 2–3 தோல்வி. ஜேர்மனியில் பிறந்து நமக்காக ஆட வந்த அஹமட் வசீம் ராசிக் இரண்டு கோல்களையும் போட்டார். பதினொருவருக்கும் முழுப் பேர். மாற்று வீரர்களுக்கும் ஆடிய நிமிடத்துக்கு ஏற்றபடி. மாமாவின் புத்தகத்தில் இவ்வளவு நிறைந்த பக்கம் 1995க்குப் பின் வேறொன்றில்லை, அதுவும் தோற்ற ஆட்டத்தில். அந்த ஆண்டுப் பக்கங்களில் பின்காவல் வரிசையில் வரும் மன்னாரைச் சேர்ந்த டக்சன் பியூஸ்லஸின் பெயருக்குக் கீழே மெல்லிய கோடு ஒன்று இழுத்திருந்தார். 2022 பெப்ரவரியில் மாலைதீவில் அந்த இளைஞர் காலமான செய்தி வந்த அன்று இழுத்த கோடு. அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

பிறகு 2023. ஜனவரி 21ஆம் திகதி, மூன்றாந் தரப்புத் தலையீட்டைக் காரணமாகச் சொல்லிப் பீஃபா நமது சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் இறுதியில்தான் தடை நீங்கியது. இடையில் பெங்களூரில் நடந்த தெற்காசியச் சம்பியன் கிண்ணப் போட்டியில் நமது நாட்டின் பெயரே இல்லை. தடை நீங்கிய சில வாரங்களில், ஆட்டப் பழக்கமே அற்றுப்போயிருந்த அணி உலகக் கிண்ணத் தகுதிகாணில் யேமனைச் சந்தித்து 0–3 என்று தோற்று, கொழும்பில் 1–1 என்று சமநிலை கண்டு வெளியேறியது. அந்த ஏழு மாதங்களுக்கும் மாமா ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். அதில் நட்டநடுவே ஒரே வரி: "ஆள் வந்தது, வேலை கொடுக்கப்படவில்லை."

தோட்டத்தில் அந்த வாசகத்துக்கு ஒரு கனமுண்டு. பிரட்டுக்கு வந்து நின்ற தொழிலாளியை வேலையில்லை என்று திருப்பி அனுப்பினால், அந்தக் குற்றம் தொழிலாளியுடையதல்ல. தோல்வியாண்டுகளைப் பற்றி நான் எத்தனையோ விவாதங்களில் கலந்துகொண்டிருக்கிறேன்; திறமை இல்லை, உடல்வலு இல்லை, மனவுறுதி இல்லை என்று வீரர்களின் தலையிலேயே எல்லாவற்றையும் ஏற்றுபவர்கள்தான் அதிகம். எனக்குத் தோன்றுவது மாமாவுக்குத் தோன்றுவதுதான். நாங்கள் தோற்றதைவிட ஆடாமல் இருந்ததே பெரிய கேடு. ஆண்டுக்கணக்கில் ஆட்டமே இல்லாத அணி, ஆட்டம் வந்த அன்றைக்குத் திடீரென்று எப்படி வெல்லும்?

இரவு மாமா புத்தகத்தை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்தார். "அவசரத்துல போடாத. யோசிச்சு, ஒவ்வொருத்தனா போடு. பதுளையில இருந்து திரும்பி வர்றப்ப ஹட்டன் ஸ்டேசன்ல குடு, தம்பி வந்து வாங்கிக்குவான். ஆடிப் பூசைக்கு முன்னுக்கு எனக்குப் புத்தகம் வந்துரணும்."

மூன்றாம் நாள்: கீழ்க்கணக்கு மைதானம்

ஆடி மாதத்தில் தோட்டங்களில் அணிக்கு எழுவர் ஆடும் உதைபந்தாட்டப் போட்டிகள் களைகட்டும். இன்று தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் ஆட்டம் இருந்தது.

மைதானம் என்று சொல்வது பழக்கத்தால்தான். மலையைச் சற்று வெட்டிச் சமன்படுத்திய நிலம். ஒரு கோல் கம்பம் மேட்டில், மற்றது பள்ளத்தில். பள்ளத்துக் கோலுக்குப் பின்னால் தேயிலை மலை நேராக ஓடையை நோக்கி இறங்குகிறது. ஆகவே கோலுக்கு மேலே போன பந்து தேயிலைத் தூர்களுக்கிடையில் விழுந்து துள்ளித் துள்ளிக் கீழே போகும். அதைப் பிடித்து வருவதற்கென்றே நாலைந்து சிறுவர்கள் கானோரம் குந்தியிருப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அந்தக் கானோரத்தில் இருந்தவன். பந்து தூரில் முட்டும் சத்தத்தைக் கேட்டே அது எந்த வரிசையில் நிற்கிறதென்று சொல்லிவிடுவோம்.

மழை விடவில்லை. பையன்கள் அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு இறங்கினார்கள். அப்படியும் இடைவேளையில் ஒருவன் காலுறையை இறக்க, கணுக்காலில் மூன்று அட்டைகள் இரத்தம் குடித்துப் பருத்துத் தொங்கின. அவன் அவற்றை உப்புத் துணியால் தொட்டு உதிர்த்துவிட்டு, அதே காலுறையைப் பிழிந்து மாட்டிக்கொண்டு மறுபடி இறங்கினான். பதினைந்து வயதிருக்கும். இடது காலால் ஆடினான். சேற்றில் பந்து நின்றுவிடும் இடங்களை முன்கூட்டியே அறிந்து, அந்த இடங்களுக்கு அப்பால் பந்தை ஏந்திக் கொடுத்தான். அந்த அறிவை எந்தப் பயிற்சியாளரும் அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆட்டம் முடிந்தபின் அவனோடு பேசினேன். அடுத்த ஆண்டு பரீட்சை எழுதியதும் கொழும்பில் கடை வேலைக்குப் போவதாகச் சொன்னான். அண்ணன் ஏற்கெனவே அங்கே இருக்கிறானாம். கழகம், தேர்வு, பயிற்சி முகாம் என்று எதைப் பற்றியும் அவனிடம் யாரும் பேசியதில்லை. மாமாவின் புத்தகத்தில் முப்பது ஆண்டுகளாக எழுதப்பட்ட பெயர்களில் எங்கள் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பெயர் ஒன்றுகூட இல்லை என்பதை நேற்றிரவுதான் பக்கம் பக்கமாகப் பார்த்து உறுதி செய்திருந்தேன். பேர் போட வேண்டுமானால் முதலில் ஆளின் பெயர் செக்ரோலில் ஏற வேண்டும். அந்தப் பையனின் பெயர் ஏறாது என்று எனக்கு அங்கேயே தெரிந்தது. அது என்னை மிகவும் வருத்தியது. அவனுடைய ஆசிரியரின் இலக்கத்தை வாங்கிக்கொண்டு, கொழும்பில் கழகமொன்றோடு தொடர்புள்ள நண்பருக்கு அனுப்பியிருக்கிறேன். என்னால் செய்ய முடிந்தது இவ்வளவே.

இரவில் புத்தகத்தை விரித்து ஜூன் 10ஆம் திகதிப் பக்கத்தில் பெயர்களை மட்டும் எழுதினேன். பேர் போடக் கை எழவில்லை.

நான்காம் நாள்: நுவரெலியா

ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா. பஸ்ஸில் கூட்டம், சென்கிளேயர் நீர்வீழ்ச்சியை இரண்டு தலைகளுக்கு இடையில் பார்த்தேன். நகரில் குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றி நடந்தேன், குளிர் அதிகம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். பூட்டானின் திம்பு நகரம் இதைவிட உயரம், 2,300 மீற்றருக்கு மேல். 2015இல் திம்புவில் நமது வீரர்களுக்கு மூச்சு வாங்கியது என்று அந்நாளில் சமாதானம் சொன்னவர்கள், அணியை இங்கே கொண்டுவந்து பத்து நாள் ஓடவிட்டிருக்கலாம் என்று திடலைச் சுற்றி வரும்போது எண்ணிக்கொண்டேன். ஆனால் அந்தச் சமாதானம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை நாளை எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள்: அப்புத்தளை

நானுஓயாவில் ரயில் ஏறினேன். பட்டிப்பொளை, நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம். அதைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழையும்போது மழைமூட்டமும் வெளியே வந்ததும் வெயிலும். ஊவாப் பக்கம் இந்த மாதங்களில் காய்ந்துதான் இருக்கும். அப்புத்தளையில் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது.

நண்பன் பிரதான வீதியில் தேத்தண்ணிக் கடை நடத்துகிறான். 2015 மார்ச் 12ஆம் திகதி கொழும்பில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து ஆசனங்களில் இருந்தோம். உலகக் கிண்ணத் தகுதிகாண் முதற் சுற்று. எதிரணி பூட்டான், பீஃபா தரவரிசையில் 209ஆம் இடம், அதாவது கடைசி இடம். உலகக் கிண்ணத் தகுதிகாணில் அவர்கள் ஆடிய முதல் ஆட்டமே அதுதான். எத்தனை கோலால் வெல்வோம் என்றுதான் அரங்கில் பேச்சிருந்தது. 84ஆவது நிமிடத்தில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். 0–1.

"அண்டைக்கு நாம அரங்கத்தை விட்டு வெளிய வந்தது நினைவிருக்கா? யாருமே கத்தல. அதுதான் எனக்கு இண்டைக்கும் பொறுக்கல" என்றான் நண்பன்.

அவன் சொன்னது உண்மை. கோபப்படுவதற்குக்கூட யாரும் மிச்சமில்லாத அந்த அமைதி, எட்டு கோல் வாங்கிய நாளின் சிரிப்புகளைவிடக் கொடுமையாக இருந்தது. ஐந்து நாள் கழித்து திம்புவில் இரண்டாவது ஆட்டம். 90ஆவது நிமிடம் வரை 1–1. இன்னொரு கோல் நாம் போட்டிருந்தால் வெளியூர்க் கோல் விதிப்படி (மொத்தக் கோல்கள் சமமானால் வெளியூரில் அதிகம் போட்ட அணிக்கே வெற்றி) நாமே முன்னேறியிருப்போம். கடைசியில் சென்சோ கியெல்த்ஷென் தன் இரண்டாவது கோலைப் போட்டு 2–1 என்று முடித்தார். மூச்சு வாங்கியதைக் காரணம் சொல்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான்: முதல் தோல்வி கொழும்பில், கடல் மட்டத்தில், நமது சனத்தின் முன்னால் நடந்தது.

அந்தத் தோல்வியின் விலை கோல் கணக்கில் தெரியாது. இரண்டாம் சுற்றுக்குப் போன அணிக்கு எட்டு ஆட்டங்கள் காத்திருந்தன. பூட்டான் அந்த எட்டையும் ஆடியது; எட்டிலும் தோற்றது; கட்டாரிடம் 0–15 என்று தோற்றது. ஆயினும் சீனாவோடும் கட்டாரோடும் ஹொங்கொங்கோடும் எதிர்த்து நின்ற அனுபவம் அவர்களுக்குக் கிடைத்தது. நமக்கு அந்த எட்டும் போயின. அதன்பின் ஆட்டங்கள் அருகி, 2017 வெறும் பக்கமானது. வெறும் பக்கத்துக்குப் பின் தரவரிசை இறங்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் 207ஆம் இடத்தைத் தொட்டது. அந்த இரு பக்கங்களில் மாமா யாருக்கும் முழுப் பேர் போடாததன் காரணம் இப்போது எனக்கு விளங்குகிறது. கொரியாவின் முன்னால் கொழுந்தில்லாத மலையில் நின்றார்கள். பூட்டானின் முன்னால் கொழுந்து நிறைந்த மலையில் நின்றார்கள்.

நண்பனும் நானும் ஒத்துப்போகாத விடயமும் உண்டு. புலம்பெயர்ந்த குடும்பங்களில் பிறந்த வீரர்களை அழைத்து அணி கட்டுவது அவனுக்குப் பிடிக்கவில்லை. "நம்ம மைதானத்துல சேறு மிதிக்காதவன் எப்பிடி நம்ம அணி?" என்கிறான். நான் அப்படி நினைக்கவில்லை. வசீம் ராசிக் லெபனானுக்கு எதிராக இரண்டு கோல் போட்டபோது இந்தக் கடையில் மேசை தட்டியவர்களில் அவனும் ஒருவன். 2021 நவம்பரில் கொழும்பில் நடந்த நாலு நாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் சீஷெல்ஸோடு 3–3 என்று சமன் செய்து, பெனால்டியில் 5–6 என்று தோற்ற இரவில், நாங்கள் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு நின்று அழுதோம். அன்று யார் எந்த நாட்டில் பிறந்தவர் என்று அவன் கேட்கவில்லை. ஆனால் அவனுடைய மனக்குறைக்குள் இருக்கும் நியாயத்தை நான் முந்தாநாள் கீழ்க்கணக்கில் கண்ணால் கண்டிருக்கிறேன். ஜேர்மனியில் பிறந்த இலங்கையனைத் தேடிப் பிடிக்க வழி கண்டவர்களுக்கு, பொகவந்தலாவையில் பிறந்தவனைத் தேட வழி தெரியவில்லையா? இரண்டு தேடலும் வேண்டும் என்பதில் கடைசியில் இருவரும் ஒன்றுபட்டோம். அவன் காசு வாங்க மறுத்துவிட்டான்.

கடையை மூடியபின் புத்தகத்தை விரித்தோம். ஜூன் 10 ஆட்டத்துக்கு அவனும் வந்திருந்தான். பின்காவல் வரிசைக்கும் நடுக்களத்துக்கும் சேர்ந்து யோசித்துப் பேர் போட்டோம். ஒருவருக்கு நான் முழுப் பேர் என்றேன், அவன் அரைப் பேர் என்றான். அரை மணி நேரம் வாதாடி, அவன் சொன்னதையே எழுதினேன். வெற்றி வந்த நாளில் பேர் போடுவது தோல்வி நாளில் போடுவதைவிடக் கடினம் என்று இதுவரை எனக்குத் தெரியாமலிருந்தது. எல்லாருக்கும் முழுப் பேர் போட்டுவிடத்தான் மனம் துடிக்கிறது.

ஆறாம் நாள்: பதுளை

தெமோதரைச் சுற்றைக் கடந்து ரயில் பதுளைக்கு வந்து நின்றது. இதற்கு மேல் தண்டவாளம் இல்லை. வின்சன்ட் டயஸ் மைதானத்துக்கு நடந்து போய், காலியாக இருந்த படிக்கட்டில் ஒதுக்குப்புறமாக அமர்ந்தேன். கீழே பாடசாலைப் பிள்ளைகள் ஓட்டப் பயிற்சியில் இருந்தார்கள்.

மிச்சமிருந்தது முன்வரிசையும் கோல்கீப்பரும். ஆசியக் கிண்ணத் தகுதிகாணின் இறுதிச் சுற்று. சீன தாய்ப்பே அணியை நாம் கொழும்பில் 3–1 என்று வென்ற ஆட்டம். அந்தச் சுற்றுக்கு வந்ததே 2024 செப்டம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்றதால்தான். அந்தப் பக்கம் மாமாவின் கையாலேயே எழுதப்பட்டு முந்திய தாளொன்றில் இருக்கிறது, எழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாக. ஜூன் 10 இரவில் மூன்றாவது கோலுக்குப் பின் அரங்கில் எழுந்த சத்தத்தில், எனக்கு முன் வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்து நிற்க முடியாமல் ஆசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நான் ஆட்டத்தைப் பார்க்காமல் சற்று நேரம் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனவே அந்தச் சில நிமிடங்களுக்கு நான் யாருக்கும் சாட்சியல்ல. பக்கத்தின் தலையில், மாமா செய்வதுபோலவே, "ஒரு பகுதி கேள்வி" என்று எழுதினேன்.

முன்வரிசைக்குப் பேர் போட்டேன். இருவருக்கு முழு, ஒருவருக்கு அரை. கோல் கணக்கை மூலையில் சிறிய எழுத்தில் எழுதினேன். பெரிதாக எழுதக் கை ஆசைப்பட்டது.

மாமாவுக்குத் தொலைபேசி எடுத்து, ஒவ்வொரு பெயராக வாசித்தேன். ஒரு சொல்லும் குறுக்கே பேசாமல் கேட்டார். அரைப் பேர் வரும் இடங்களில் மட்டும் "ம்" என்றார். வாசித்து முடித்ததும் கேட்டார்:

"கோல்கீப்பருக்கு?"

"இன்னும் போடல மாமா. ஒரு கோல் உள்ள போச்சு."

"எத்தனை போகாம நின்னது?"

நான் எண்ணியிருந்ததைச் சொன்னேன்.

"அப்ப போடு" என்றார்.

போட்டேன். மை காயும்வரை தாளைத் திறந்தே வைத்திருந்து, பிறகு பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டேன். நாளை காலை ரயிலில் ஹட்டனுக்கு.